வருகைப் பரிசும் வேப்பிலைக் கொத்தும்

ஆண்டு முழுவதும் ஒருநாள் கூட விடுப்பு எடுக்காத பிள்ளைக்கு ஆண்டு விழாவில் பரிசு கொடுப்பது பல பள்ளிகளில் உள்ள வழக்கம். அந்தப் பரிசு வேண்டாம் என்பது என் கருத்து.

விக்டோரியா அரசியார் காலத்து இங்கிலாந்தில் 1862 முதல் தொடக்கப் பள்ளிகளின் அரசு மானியம் மாணவர் வருகையையும் தேர்வையும் பொறுத்து அமைந்தது. 1880இல் வருகை கட்டாயமாயிற்று. இலண்டன் பள்ளி வாரியம் தவறாத வருகைக்குப் பதக்கமும் வழங்கிற்று. தட்டம்மையும் கக்குவானும் தொண்டை அடைப்பானும் பிள்ளைகளைக் கொள்ளைகொண்ட காலம் அது. நோயுற்ற பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினால் பள்ளிக்கு நட்டம். வைத்துக்கொண்டால் வகுப்புக்கே ஆபத்து!

நான் வளர்ந்த திருவரங்கத்தில், ஒரு வீட்டில் அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். மூன்றாம் தண்ணீர் விடும்வரை பிள்ளை வெளியே வராது. பிறகே சமயபுரத்தாளுக்கு வேண்டுதல் செலுத்துவார்கள். இதைக் கேட்டு நகைப்போர் உண்டு. ஆனால் சின்னம்மைக் கொப்புளங்கள் பொருக்குத் தட்டும்வரை பள்ளிக்கு அனுப்பாதே என்றுதானே இன்றைய மருத்துவமும் கூறுகிறது?

வேப்பிலை மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. தட்டம்மை, தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். பெரியம்மையை ஒழித்ததும் தடுப்பூசியே. 1975க்குப் பின் இந்தியாவில் அந்நோய் பரவவில்லை. 1980இல் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. அப்படியிருந்தும் 2017இல் நம் மாநிலப் பள்ளிகளில் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி போட்டபோது, வதந்தியை நம்பி மறுத்த பெற்றோர் எத்தனை பேர்!

அன்றாடக் கூலிக்குப் போகும் தாய்க்கு இன்னொரு துன்பமும் உண்டு. பிள்ளை வீட்டிலிருந்தால் அதற்குச் சத்துணவு இல்லை. அவளுக்கும் அன்றைய கூலி இல்லை. காய்ச்சலோடு பிள்ளையை அனுப்பும் அவளைக் குறை கூறுவது எளிது. அவளுக்கு வழி காட்டுவதன்றோ கடமை?

ஆகவே முழு வருகைப் பரிசை நிறுத்துவோம். நோய்க்காக எடுத்த விடுப்பை வருகைக் கணக்கில் குறையாகக் கொள்ளாதிருப்போம். நோயுற்ற பிள்ளையின் பங்கு உணவு அதன் வீட்டுக்கே போய்ச் சேரட்டும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவராகிய நாம் தடுப்பூசி நாளுக்கு முன்பே வீடு வீடாகச் சென்று பெற்றோரின் ஐயம் போக்குவோம். வருகைப் பதிவேடு பிள்ளைகளுக்காகவே உள்ளது. பிள்ளைகள் பதிவேட்டுக்காக இல்லை.