கற்குவையும் நம் ரசனையும்

மலையுச்சியில் ஒரு கற்குவை இருக்கிறது என்று பேச்செடுத்தால் நம் இலக்கிய நண்பர்களிடமிருந்து இரண்டே கேள்விகள்தான் வருகின்றன: எத்தனை வருஷப் பழசு? எழுத்து ஏதும் கிடைத்ததா? எழுத்து இல்லை என்றதும் முகம் வாடிவிடுகிறது. பானையோட்டில் நாலு கீறல் இருந்திருந்தால் பரவசப்பட்டிருப்பார்கள். முதுமக்கள் தாழியைக் கர்ப்பப்பைக்குப் படிமமாக்கி மூன்று கவிதைக்கு ஒன்று எழுதுகிற நமக்கு, பிணத்தின் மேல் அடுக்கிய வெறுங்கல் ஒரு பொருட்டாகப் படவில்லை. அதற்குப் பதுக்கை என்று சங்கப் பாட்டில் பெயர் இருக்கிறது என்பதைக்கூட உரையாசிரியர் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறோம்.

நீலகிரிச் சிகரங்களையே எடுத்துக்கொள்கிறேன். 1847-ல் காப்டன் காங்கிரீவ் அங்குள்ள புதைகுழிகளைப் பற்றி எழுதி, தோதவர்களை சித்தியர்கள் என்று நிறுவப் பார்த்தார். பின்னால் கமிஷனராக வந்த பிரீக்ஸ் பலவற்றைத் திறந்தார். அவர் இறந்த மறுவருஷம், 1873-ல், புத்தகம் வெளிவந்தது. வெண்கலக் கிண்ணம், பொன் நகை, இரும்பு ஆயுதம், மூடியில் எருமை நிற்கும் மண்கலம். இப்படிக் கிளம்பியவை எழும்பூருக்கும் லண்டனுக்கும் போய்ச் சேர்ந்தன. மலைக்கு மிஞ்சியது குழி. எது எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்று இன்றைய ஆய்வு கேட்கிற நுணுக்கத்தில் குறிப்பு இல்லாததால், கிண்ணத்தின் வடிவத்தை வைத்துக் காலத்தை ஊகிக்க வேண்டியிருக்கிறது. இதற்குத்தான் ஆராய்ச்சி என்று பெயர் வைத்திருக்கிறோம்.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 1958-ம் வருஷத்திய மத்தியச் சட்டம், 2010 திருத்தத்துக்குப் பிறகு, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டடம் கூடாது என்கிறது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். கடைவீதியில் சிக்கிய கோவிலுக்கு இந்த அளவு பொருந்தும். சிகரம் வரை கல் சுமந்தவன் தூரத்திலிருந்து தெரியட்டும் என்றுதான் சுமந்திருப்பான் என்பது என் அனுமானம். அந்தப் பார்வையின் எல்லையை மீட்டரில் எப்படி அளப்பது? அதுவும் அறிவிக்கப்பட்ட சின்னங்களுக்கு மட்டும். மற்றவை ஜல்லி.

தோண்டாமல் காப்பாற்றி என்ன பிரயோஜனம், அறிவு வளர வேண்டாமா என்று ஒரு நண்பர் கேட்கிறார். பிரீக்ஸ் காலத்தில் குப்பையென வீசப்பட்ட கரித்துண்டைக் கொண்டு இன்று காலம் கணிக்கிறார்கள். இன்று நாம் வீசுவது எதுவென்று நண்பருக்குத் தெரியுமா?

வங்கியில் பேரேடு எழுதிப் பிழைக்கிறவன் நான். பதிவில் ஏறாத சொத்து களவுபோனால் புகார்கூடக் கொடுக்க முடியாது. ஆகவே முதலில் ஒவ்வொரு குவைக்கும் கிராம வரைபடத்தில் ஒரு புள்ளி, ஒரு சர்வே எண். மண்வெட்டி காத்திருக்கலாம், நம் தாழிக் கவிதைகளும்.