"எனக்கு சான்ஸ் இருக்கா அக்கா?"

செப்டம்பர் பிறந்தால் எனக்கு ஒரே மாதிரியான செய்திகள் வரத் தொடங்கிவிடும். "அக்கா, சிஜிபிஏ 8.2, ஜிஆர்இ 311. அமெரிக்காவில் பிஎச்டி கிடைக்க சான்ஸ் இருக்கா?"

இந்த எண்களை வைத்து யாராலும் பதில் சொல்ல முடியாது. கொரோனாவுக்குப் பிறகு பல துறைகள் ஜிஆர்இ கேட்பதையே விட்டுவிட்டன. அங்கே முடிவைத் தீர்மானிப்பவை ஆய்வு அனுபவம், எஸ்.ஓ.பி. எனப்படும் நோக்க அறிக்கை, மூன்று பரிந்துரைக் கடிதங்கள். மூன்றுமே மனிதர்கள் வழியாக வருபவை. மனிதர்கள் வழியாக வருவது நம் நாட்டில் பெரும்பாலும் சாதி வழியாகவே வருகிறது.

பரிந்துரைக் கடிதத்தையே எடுத்துக்கொள்வோம். ஐஐடி பேராசிரியருக்கு அமெரிக்கப் பேராசிரியர் பழைய வகுப்புத் தோழராகவோ, மாநாட்டு நண்பராகவோ இருப்பார். அவர் எழுதும் நான்கு வரிக்கு உள்ள எடை, அரசுக் கலைக் கல்லூரி ஆசிரியர் மனமுவந்து எழுதும் இரண்டு பக்கத்துக்குக் கிடைப்பதில்லை. கல்லூரி மின்னஞ்சலிலிருந்துதான் கடிதம் வர வேண்டும் என்று பல விண்ணப்பங்கள் கேட்கின்றன. நம் ஆசிரியர்கள் பலரிடம் இருப்பது ஜிமெயில்தான். சரி, ஐஐடியில் நம்மவர்கள் எத்தனை பேர்? 2019 வாக்கில் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தந்த கணக்கின்படி 23 ஐஐடிகளின் 6,043 ஆசிரியர்களில் பட்டியல் சாதியினர் 149 பேர், பழங்குடியினர் 21 பேர். இந்த விகிதத்தை வைத்துக்கொண்டு 'திறமை'யைப் பற்றிப் பேசுகிறவர்களுடன் எனக்கு வாதாட விருப்பமில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, முதல் தலைமுறைப் பட்டதாரி, தன் துறைத்தலைவரிடம் கடிதம் கேட்டுப் போனான். "உங்க ஆளுங்களுக்குத்தான் இங்கேயே எல்லாம் கிடைக்குதே" என்று சொல்லி அனுப்பிவிட்டார். கடைசித் தேதி முடிந்தது. இது எந்தச் சேர்க்கைக் குழுவின் கண்ணுக்கும் படாது. அவர்களைப் பொறுத்தவரை அப்படி ஒருவன் விண்ணப்பிக்கவே இல்லை.

அடுத்தது பணம். பிஎச்டி என்றாலும் லட்சக்கணக்கில் கட்டித்தான் படிக்க வேண்டும் என்று நம் வீடுகளில் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் பெரும்பாலான அறிவியல் பிஎச்டி இடங்களுக்குக் கட்டண விலக்கும் மாத உதவித்தொகையும் உண்டு. பதிலுக்கு வகுப்பெடுக்க வேண்டும், அல்லது ஆய்வகத்தில் வேலை செய்ய வேண்டும். நிலத்தை அடகு வைக்க வைப்பது முதுகலைப் படிப்புதான். கன்சல்டன்சிகள் தள்ளிவிடுவதும் அதைத்தான். இந்த ஒரு தகவல் அக்ரகாரத்துப் பிள்ளைக்குப் பள்ளியிலேயே தெரிந்திருக்கும், மாமாவோ சித்தப்பாவோ அங்கே இருப்பார். கனடாவின் கதவும் இறுகிவிட்டது. கல்விக் கட்டணம் போக, வாழ்க்கைச் செலவுக்கு மட்டும் கையில் காட்ட வேண்டிய தொகையை 10,000 கனடிய டாலரிலிருந்து 2024 ஜனவரியில் 20,635 ஆக்கினார்கள்.

அரசு இருக்கிறதே என்பீர்கள். ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை ஆண்டுக்கு 125 பேருக்கு. 2025இல் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்குத்தான் கடிதம் வந்தது. மற்றவர்கள் நிதி வந்தால் பார்க்கலாம் என்று நிறுத்தப்பட்டார்கள். இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இந்த உதவித்தொகை கிடையாது என்று 2022இல் விதியும் போட்டார்கள். 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா சென்ற அம்பேத்கர், 1916இல் அங்கே வாசித்தது இந்தியச் சாதிகளின் தோற்றம் பற்றிய கட்டுரை. மன்னர் கொடுத்த சுதந்திரத்தைக்கூடக் குடியரசு கொடுக்கவில்லை.

இந்தத் திட்டத்துக்கு அட்மிஷன் கடிதத்தோடு வர வேண்டும். அதுவரை ஆகும் செலவு யாருடையது? ஜிஆர்இ-க்கு மட்டுமே இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். ஒரு பல்கலைக்கழகத்துக்கு 75 முதல் 150 டாலர் விண்ணப்பக் கட்டணம்; பல இடங்களில் விலக்கு அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும். தமிழ்நாடு அரசு அயல்நாட்டுக் கல்விக்குப் பணம் ஒதுக்குகிறது, வரவேற்கிறேன். தேர்வுக் கட்டணத்தையும் ஐந்து விண்ணப்பங்களுக்கான கட்டணத்தையும் முன்கூட்டியே அது கொடுத்தால்தான் நம் பிள்ளைகள் வரிசையிலேயே நிற்க முடியும்.

அதுவரை, ஏற்கெனவே உள்ளே போன நாம் நம் எஸ்.ஓ.பி.களைப் பூட்டி வைத்திருப்பதில் நியாயமில்லை. கேட்கிறவர்களுக்கு என்னுடையதைத் தருகிறேன். பெரும்பாலான கடைசித் தேதிகள் டிசம்பர் 1 அல்லது 15. தம்பி தங்கைகளே, கடிதம் கேட்க இப்போதே போங்கள். மூன்று பேர் வேண்டுமென்றால் ஐந்து பேரிடம் கேளுங்கள்.