களிமண்ணின் சாட்சியம்

கணினியைக் கொண்டு கடலையும் புயலையும் நொடியில் படைத்துக் காட்டும் இந்நாளிலும், விரல்ரேகை பதிந்த களிமண் பொம்மைகள் அசையும் திரைப்படங்களை மக்கள் விரும்பிப் பார்க்கிறார்கள். காரணம் என்ன?

"சிறுபிள்ளை விளையாட்டு" என ஒதுக்கும் மேதாவிகள் ஒருபுறம், "எல்லாவற்றையும் எந்திரம் செய்யும், இனி இக்கலை எதற்கு?" எனக் கேட்கும் வியாபாரிகள் மறுபுறம். இரு சாராரும் காணத் தவறுவது உழைப்பை.

திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. பொம்மையின் ஒவ்வொரு நிலையையும் இரண்டு படங்களாக எடுத்தாலும், விநாடிக்கு 12 முறை அதைத் தொட்டு அசைக்கவேண்டும். நிமிடத்துக்கு 720 முறை! பண்டத்தைக் காட்டி, அதைச் செய்த கையை மறைப்பது சந்தையின் இயல்பு. களிமண் படத்தில் அந்தக் கை மறைவதில்லை. உழைக்கும் மனிதன் அதில் தன் இனத்தானின் கையை அடையாளம் காண்கிறான். இதுவே அதன் கவர்ச்சி.

இக்கலைக்குரிய உலராத களிமண்ணை 1897இல் உருவாக்கிய வில்லியம் ஹார்பட், இங்கிலாந்தின் பாத் நகரில் ஓவியம் கற்பித்த ஓர் ஆசிரியர். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'சிக்கன் ரன்' படத்தில், இலாபத்துக்காகத் தம்மை இறைச்சிப் பண்டமாக்க முனையும் முதலாளியிடமிருந்து கோழிகள் ஒன்றுதிரண்டு தப்புகின்றன. இதைக் குழந்தைகள் புரிந்துகொள்கிறார்கள், மேதாவிகளுக்குத்தான் புரியவில்லை!

இனி நம் கரைக்கு வருவோம். புத்தளம் மாவட்டத்தின் தென்பகுதியில், வைக்கால், தங்கொட்டுவைச் சூளைகளில் களிமண் ஓடாகிறது. வடக்கே, கற்பிட்டிக் கரையில், 1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வந்த படகுகள் மக்களை இறக்கின. விடுதலையின் பெயரால் ஆயுதம் ஏந்திய புலிகள், வட மாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரைப் பிறந்த மண்ணிலிருந்து விரட்டினர். யாழ்ப்பாணத்தில் அக்டோபர் 30ஆம் நாள் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். உடைமைகளைப் பறிகொடுத்து நடந்தவர்களிடம் கமரா ஏது? அவர்களில் பெரும்பாலோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் தஞ்சம் புகுந்தனர். 2009இல் போர் முடிந்த பின்னும் பலர் இங்கேயே வாழ்கின்றனர். அந்த நடையை, அந்தப் படகை, கிணற்றையும் பள்ளிக்கூடத்தையும் பகிர்ந்துகொண்ட புத்தளத்து மக்களை, எந்தத் திரையில் நம் மாணவர் கண்டிருக்கிறார்கள்?

படம் இல்லையென்றால் என்ன செய்வது? கம்போடியாவின் ரித்தி பான் வழிகாட்டியிருக்கிறார். 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சியில் பெற்றோரையும் உற்றாரையும் இழந்தவர் அவர். அக்கொடுமையைக் காட்டும் படங்கள் எஞ்சவில்லை. எஞ்சியவை பெரும்பாலும் ஆட்சியாளரின் பிரசாரப் படங்களே. ஆகவே களிமண்ணால் சிறு மனிதர்களைச் செய்வித்து, வண்ணம் பூசி, 2013இல் 'காணாமற்போன படம்' என்னும் திரைப்படத்தைத் தந்தார். அவருடைய பொம்மைகள் அசைவதில்லை; பட்டினியில் அசையாது நிற்கின்றன. கான் விழாவின் 'அன் செர்ட்டன் ரிகார்ட்' பிரிவில் அது முதற் பரிசு பெற்றது.

"இவ்வளவு பெரிய துயரத்துக்குப் பொம்மையா? அவமதிப்பன்றோ?" எனச் சிலர் கேட்கலாம். பட்டினியால் வாடாத நடிகன் வாடியவனாக வேடமிடுவதை ஏற்கும் நாம், வேடமே போடாத மண்ணை ஏன் மறுக்கவேண்டும்?

முற்போக்காளருக்கு இதில் கசப்பான பாடம் ஒன்றுண்டு. கெமர் ரூஜ் சூடிக்கொண்டது பொதுவுடைமை என்னும் நம் சொல்லை; 1990இல் ஒலித்தது விடுதலை என்னும் நம் சொல். சொற்களைக் காப்பாற்றுவதற்காக மனிதரை மறப்பவன் முற்போக்காளன் அல்லன். அந்த மௌனத்தில் நம் எழுத்தாளர் பலருக்கும் பங்குண்டு.

புத்தளத்து ஆசிரியர்களே! கைத்தொலைபேசி ஒன்று, மேசை விளக்கு ஒன்று, ஒரு கூடை களிமண் போதும். 1990இல் பத்து வயதாயிருந்தவர்கள் இன்று நடுவயதை எட்டிவிட்டனர். அவர்களுடைய பெற்றோர் ஒவ்வொருவராக மறைகின்றனர். அவர்கள் சொல்ல, மாணவர் கேட்டுச் செய்யட்டும். எந்தப் படகு, எத்தனை பேர், கையில் என்ன இருந்தது என்று பொம்மை செய்பவன் கேட்டே ஆகவேண்டும்; கேட்காமல் அந்தக் கையைச் செய்ய முடியாது.