பந்தலுக்கு வரட்டும் விருந்தினர்

குமுளி மலையை இறங்கி லோயர் கேம்ப், கூடலூர், கம்பம் என்று வரும் கேரளக் கார்கள் சாலையோரத்தில் சட்டென்று ஒதுங்கி நிற்பதைப் பார்க்காதவர்கள் இந்தப் பக்கம் இருக்க மாட்டார்கள். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேல் பச்சைக் கூரையாகப் படரவிட்ட பந்தல். அதிலிருந்து கறுத்துத் தொங்கும் கொத்துகள். குடும்பமே இறங்கிக் குழந்தையைத் தோளில் தூக்கிப் படம் எடுத்துக்கொள்கிறது. இரண்டு கிலோ பழம் வாங்குகிறது. அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறது. மலையாளிக்குத் திராட்சை என்றால் முந்திரி. 1986-இல் பத்மராஜன் எடுத்த 'நமுக்கு பார்க்கான் முந்திரித்தோப்புகள்' படத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு முந்திரித்தோப்பு ஒரு கனவு நிலம். அந்தக் கனவைத் தேடி மலையிறங்கி வந்தவர் நம் ஊரில் விட்டுப்போவது இரண்டு கிலோ பழத்தின் காசு மட்டும். சாப்பிடவும் தங்கவும் அவர் தேக்கடிக்கே திரும்பி ஏறுகிறார்.

இதை மாற்ற வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சையை நடுவில் வைத்து ஒரு கிராமச் சுற்றுலா வளர வேண்டும். அதில் ஒயினுக்கும் கட்டுப்பாடான ஓர் இடம் வேண்டும். அந்தச் சுற்றுலாவின் உரிமை, கொடிக்குக் கவாத்து வெட்டுகிறவர் கையில் இருக்க வேண்டும். மூன்றாவது இல்லையென்றால் முதல் இரண்டும் வேண்டாம் என்பதே நம் நிலை.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரே மகிழ்ந்தது; மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் குறியீடு தானாக விலையை ஏற்றித் தராது. பெயருக்காகக் காசு கொடுப்பவரும் பழத்தை வளர்த்தவரும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் ஒன்று இருந்தால்தான் அந்தப் பெயர் பணமாகும். பெட்டியில் அடுக்கி லாரியில் ஏற்றியபின், சுருளிப்பட்டிப் பழமும் காமயகவுண்டன்பட்டிப் பழமும் மற்ற கறுப்புத் திராட்சையோடு ஒன்றாகிவிடுகின்றன.

பன்னீர் திராட்சையின் குணம் தெரிந்தால் இதன் அருமை புரியும். மஸ்கட் ஹாம்பர்க் என்னும் ரகம் இது. விதை உண்டு, தோல் மெல்லியது, வாயில் போட்டதும் பன்னீர் மணக்கும். கவாத்து வெட்டிய ஏறக்குறைய நான்கு மாதத்தில் அறுப்புக்கு வந்துவிடும். நாசிக்கில் ஆண்டுக்கு ஓர் அறுவடைதான். அதுவும் குளிர் முடிந்து கோடை பிறக்கும் மாதங்களோடு சரி. இங்கே ஒரே கொடி இரண்டு ஆண்டில் ஐந்து முறை வரை காய்க்கிறது. ஆளாளுக்குக் கவாத்து வெட்டும் மாதம் வேறு என்பதால், எந்த மாதம் வந்தாலும் ஒரு பந்தலில் பூ, அடுத்த பந்தலில் பிஞ்சு, அதற்கடுத்ததில் பறிப்பு என்று பார்க்கலாம். பிரான்சிலும் இத்தாலியிலும் அறுவடையைப் பார்க்க நினைப்பவர் செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டும். கம்பத்துக்கு அவர் எந்த வாரமும் வரலாம். சுற்றுலா நடத்துகிறவருக்கு இதைவிடப் பெரிய சொத்து என்ன வேண்டும்?

விவசாயிக்கோ இதே குணம்தான் சங்கடம். மெல்லிய தோல் மழைக்கு வெடிக்கிறது. பறித்த பழம் சில நாள்களுக்கு மேல் தாங்காது. அதனால் வியாபாரி சொன்ன விலைக்குத் தலையாட்ட வேண்டியிருக்கிறது. மகாராஷ்டிரத்தின் விதையில்லாத் திராட்சை சந்தையில் குவியும் மாதங்களில் பன்னீரின் விலை சரிகிறது. அரசு ஒயின் ஆலை ஒன்று கட்டட்டும், சாறு ஆலையாவது கட்டட்டும் என்று விவசாயிகள் ஆண்டுக்கணக்காகக் கேட்டுவருவது இந்தத் தவிப்பிலிருந்துதான்.

ஒரே திசைச் சந்தையை நம்பியிருப்பதன் வலி இந்தப் பள்ளத்தாக்குக்குத் தெரியும். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினையில் எல்லை கொதித்தபோது கேரளச் சந்தைக்குப் போகும் குமுளிச் சாலை அடைபட்டது. 2020 ஊரடங்கில் பழம் கொடியிலேயே அழுகியது. இரண்டு முறையும் விவசாயியிடம் மாற்று வழி எதுவும் இல்லை. ஜார்ஜியாவும் மால்டோவாவும் இதே பாடத்தைப் படித்த நாடுகள். இரண்டுமே தலைமுறை தலைமுறையாக ஒயின் வடிப்பவை. இரண்டின் ஒயினுக்கும் அப்போது ரஷ்யாதான் பெரிய சந்தை. 2006-இல் ரஷ்யா அந்தக் கதவை அடைத்தது. தடை வந்தபின் இரு நாடுகளும் வேறு சந்தைகளைத் தேடின. விருந்தினரை ஊருக்கு அழைக்கவும் செய்தன. மால்டோவாவில் மிலெஷ்டி மிச், கிரிக்கோவா என்ற ஊர்களின் நிலத்தடிச் சுரங்கக் கிடங்குகளைப் பார்க்கவே ஆள்கள் போகிறார்கள். ஜார்ஜியாவில் மண்ணுக்குள் புதைத்த 'க்வெவ்ரி' என்னும் பெரிய தாழிகளில் திராட்சையைப் புளிக்கவைக்கிறார்கள். 2013-இல் யுனெஸ்கோ அந்த முறையைப் பண்பாட்டு மரபாக ஏற்றது. விவசாயியின் வீட்டிலேயே அந்தத் தாழியைத் திறந்து, அவர் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுவதற்காக வெளிநாட்டார் காசு கொடுத்து வருகிறார்கள். அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த வீட்டுத் திண்ணையைத்தான்.

நமக்கு அப்படி ஒயின் மரபு இருக்கிறது என்று பொய் சொல்லத் தேவையில்லை. யவனர் கப்பலில் கொண்டுவந்த தேறலைச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. கள்ளுண்ணாமைக்குத் திருவள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கினார். இரண்டும் நம்முடையவைதான். கம்பத்துக்கு இருப்பது திராட்சை மரபு. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832-இல் தமிழகத்துக்குக் கொண்டுவந்த கொடி என்று அதன் கதையைச் சொல்கிறார்கள். எங்கிருந்து வந்திருந்தாலும், ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக் 1895-இல் திருப்பிவிட்ட பெரியாற்று நீரால் செழித்த இந்தப் பள்ளத்தாக்கில் அது ஊன்றிவிட்டது. தை மாதம் பென்னிகுவிக்குக்குப் பொங்கல் வைக்கிற ஊர்கள் இவை. வருகிறவருக்குச் சொல்ல உண்மைக் கதையே இவ்வளவு இருக்கிறது.

ஒயின் என்றதும் எழும் எதிர்ப்பை நாம் மதிக்கிறோம். தமிழ்நாட்டில் 'ஒயின்ஷாப்' என்ற சொல்லே பெண்களுக்குக் கொதிப்பைத் தருவது. 2003 முதல் சில்லறை விற்பனையையும் அரசே டாஸ்மாக் வழியாக நடத்துகிறது. கடையை மூடச் சொல்லிப் போராடிய சசிபெருமாள் 2015-இல் போராட்டக் களத்திலேயே உயிர்விட்டார். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. இத்தனைக்கும் பிறகு குடிக்க இன்னொரு வழி எதற்கு என்று ஒரு தாய் கேட்டால், அவரிடம் வருவாய்க் கணக்குக் காட்டிப் பேச நமக்கு நா எழாது.

ஆகவே நாம் கேட்பது மிகச் சிறியது. திராட்சை விவசாயிகளின் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் மட்டும் அளவு வரம்போடு உரிமம். சொந்தத் தோட்டத்துப் பழத்தில் வடித்தது மட்டும். வெளியூர் விருந்தினருக்கு, தோட்டத்தில், சாப்பாட்டோடு மட்டும். பெட்டிக்கடையிலோ பேருந்து நிலையத்திலோ டாஸ்மாக் அலமாரியிலோ அது வரக்கூடாது. கிராமசபை வேண்டாமென்றால் அந்த ஊரில் உரிமம் கிடையாது. ஒரு கிலோ பழத்திலிருந்து ஏறக்குறைய அறுநூறு, எழுநூறு மில்லி ஒயின்தான் கிடைக்கும். இந்த வரம்புக்குள் வடிப்பது எந்த ஊரையும் மூழ்கடித்துவிடாது. பக்கத்துக் கேரளம் 2022-இல் சிறிய பழ ஒயின் ஆலைகளுக்குத் தனி விதிகளை வகுத்தது. பழம் இங்கே இருக்க, விதி அங்கே இருக்கிறது.

நாசிக்கை எடுத்துக்காட்டாகச் சொல்பவர்கள் பாதிக் கதையைச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். மகாராஷ்டிரம் 2001-இல் திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென்று ஒரு கொள்கையை அறிவித்தது. சூலா நிறுவனம் 2005-இல் தோட்டத்துக்குள்ளேயே ஒயினைச் சுவைத்துப் பார்க்கும் கூடத்தைத் திறந்தது. கோயில் நகரமான நாசிக்குக்கு வார இறுதிகளில் மும்பைக் கார்கள் இன்னொரு காரணத்துக்காகவும் வரத் தொடங்கின. மறுபாதி இது: 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பின் சிறிய ஆலைகள் பல முடங்கின. ஒயினுக்கென்றே தனி ரகம் நட்டிருந்தவர்கள் வாங்க ஆளில்லாமல் கொடியைப் பிடுங்கி எறிந்தார்கள். பன்னீர் திராட்சைக்கு அந்த ஆபத்து குறைவு. அது சாப்பிடவும் சாறு பிழியவும் ஒயின் வடிக்கவும் ஒருசேர உதவும். ஆகவே ஒயினுக்காகப் புது ரகத்தை நடச் சொல்லி யாரும் விவசாயியைக் கடன்காரராக்க வேண்டாம்.

மருந்தடிப்பைப் பற்றியும் மறைக்காமல் பேச வேண்டும். சாலையில் நின்று கொத்தோடு படம் எடுப்பவர் ஒரு பழத்தைப் பறித்து வாயில் போடத்தான் செய்வார். முந்தின நாள் அங்கே என்ன தெளித்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. நம் விவசாயிகள் எல்லாருக்கும் போர்டோ கலவை தெரியும்: மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்துக் கரைத்தது. அது ஒயினுக்குப் பேர்போன போர்டோ ஊரின் பெயர்தான். அங்கே வழிப்போக்கர்கள் சாலையோரத் திராட்சையைப் பறித்துத் தின்னாமலிருக்க விவசாயிகள் இந்தக் கரைசலை இலைமேல் தெளித்து வைப்பார்களாம். தெளித்த கொடிகளை மட்டும் அடிச்சாம்பல் நோய் தொடவில்லை என்பதை மில்லார்தே என்னும் தாவரவியலாளர் கவனித்தார். 1885-இல் அதை மருந்தாகவே உலகுக்கு அறிவித்தார். வழிப்போக்கரை விரட்டத் தெளித்த கரைசலின் கதை அது. நாம் வழிப்போக்கரை உள்ளே கூப்பிடப் போகிறோம். அப்படியானால் மருந்தடித்த தேதியைப் பந்தல் வாசலில் எழுதிப்போடும் நேர்மை வேண்டும். கடைசித் தெளிப்புக்கும் பறிப்புக்கும் நடுவே விட வேண்டிய நாள் கணக்கை மீறாத ஒழுங்கு வேண்டும். ஆனைமலையன்பட்டியில் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மருந்தைக் குறைத்துப் பயிர் செய்யும் முறையைப் பந்தல் பந்தலாகக் கற்றுத்தரும் வேலையை அதனிடம் ஒப்படைக்கலாம். அதற்கு ஆளும் பணமும் கொடுத்தால் போதும்.

ஒயினைவிடச் சாறுதான் முதலில் வர வேண்டும் என்பதும் நம் கருத்து. கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் இந்தச் சாலை வழியாகத்தான் ஆயிரமாயிரமாகப் போகிறார்கள். அமாவாசைக்குச் சுருளித் தீர்த்தத்துக்கும், சனிக்கிழமை குச்சனூருக்கும், சித்திரையில் வீரபாண்டிக்கும் கூட்டம் வருகிறது. இவர்கள் யாரும் ஒயின் தேடி வருபவர்கள் இல்லை. சுத்தமான கழிப்பறை, நிழல், எதிரிலேயே பிழிந்த பன்னீர்ச் சாறு, ஒரு வேளைச் சோறு இருந்தால் நின்று போவார்கள். சுற்றுலாவுக்கான முதல் முதலீடு கழிப்பறையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

விடியற்காலையில் கம்பத்திலும் கூடலூரிலும் போடியிலும் நின்று பார்த்தால் வேறொரு காட்சி தெரியும். ஏலத்தோட்ட வேலைக்கு இடுக்கி மலையேறும் ஜீப்புகள். ஒவ்வொன்றிலும் நெருக்கியடித்து உட்கார்ந்த பெண்கள். வளைவுகளில் அந்த ஜீப்புகள் கவிழ்ந்து இந்த ஊர்கள் பல உயிர்களைப் பறிகொடுத்திருக்கின்றன. விருந்தினருக்குச் சமைப்பது, சாறு பிழிவது, தோட்டத்தைச் சுற்றிக் காட்டிக் கதை சொல்வது என்று உள்ளூரிலேயே கூலிக்கு வழி பிறந்தால், அந்தப் பெண்களில் சிலராவது மலையேறாமல் பிழைக்கலாம். பந்தலின் கீழ் கூலிக்குப் பழம் பறிக்கிற பெண்ணும் விருந்தினர் தரும் காசில் பங்கு பெற வேண்டும். மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்குச் சமையலையும் தங்கும் அறைகளையும் எழுத்துமூல ஒப்பந்தத்தில் கொடுத்தால் அது நடக்கும்.

வெளியிலிருந்து வரும் பெருமுதலீட்டுக்கு நாம் அஞ்சுகிறோம். சுற்றுலா என்று அறிவித்த மறுமாதமே பந்தலைப் பிடுங்கிவிட்டு நீச்சல் குளத்தோடு சொகுசு விடுதி எழும். தோட்டத்துக்காரர் அதன் வாசலில் காவலாளியாக நிற்பார். பல மலையடிவாரங்களில் நாம் பார்த்த கதைதான் இது. மேகமலைப் பக்கம் 2021-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு. கீழே 14,707 ஏக்கர் இருபோக நெல் பெரியாற்று நீரை எதிர்பார்த்து நிற்கிறது. இதற்கு நடுவில் விடுதிக்காகப் போடும் ஆழ்துளைக் கிணறுகள் யார் நீரை உறிஞ்சும் என்று சொல்லத் தேவையில்லை. தங்க வைக்கும் அனுமதி பயிரில் இருக்கும் தோட்டத்தின் உரிமையாளருக்கே. ஒரு தோட்டத்துக்கு நான்கைந்து அறைக்கு மேல் இல்லை. பந்தலை அழித்தால் அனுமதி ரத்து. சுற்றுலாத் துறை இந்த மூன்றையும் முதலில் அரசாணையாக்கட்டும், விளம்பரப் பலகையைப் பிறகு எழுதட்டும்.

ரயில் 2023-இல் போடி வரை வந்துவிட்டது. சென்னையில் ஏறியவர் காலையில் போடியில் இறங்கலாம். அங்கிருந்து சின்னமனூர், உத்தமபாளையம் வழியாகக் கம்பம் வர ரயில் நேரத்தை ஒட்டி நான்கு பேருந்துகள் விடுவதற்குச் சட்டசபை கூட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2021 முதல் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை வருகிறது. அடுத்த அறிக்கை எழுதப்படுவதற்குள் வேளாண் துறை, சுற்றுலாத் துறை, மதுவிலக்குத் துறைச் செயலர்கள் மூவரும் ஒருநாள் சுருளிப்பட்டியிலோ ராயப்பன்பட்டியிலோ ஒரு பந்தலின் கீழ் உட்கார்ந்து, விவசாயிகளையும் பழம் பறிக்கும் பெண்களையும் ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்களையும் பேசவிட்டுக் கேட்க வேண்டும். எந்த மாதம் வந்தாலும் அவர்கள் தலைக்கு மேல் பழம் தொங்கிக்கொண்டிருக்கும்.