சல்லடைக்குச் சிக்காதது

முத்துச் சலாபம் எனப்பட்ட முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கிடைத்த முத்துகளை வணிகர்கள் முதலில் பித்தளைச் சல்லடைகளில் இட்டுச் சலிப்பார்கள். துளை அளவு வேறுபட்ட பத்துச் சல்லடைகள். எதில் நிற்கிறதோ அது முத்தின் அளவு. ஆனால் விலை அங்கே முடிவாகாது. உருட்சியும் ஒளியும் பார்த்து ஆணி, ஆணித்தாரி என்று வகை பிரிக்கத் தேர்ந்த கண் வேண்டும். தூத்துக்குடியின் கடைசிச் சலாபம் 1961இல் முடிந்தது. சல்லடை மட்டும் வேறு உருவில் மிஞ்சியிருக்கிறது. ஒவ்வொரு மே மாதமும் பிள்ளைகளை மதிப்பெண்ணில் சலிக்கிறோம். கிடைத்த அளவையே விலையாகவும் எழுதிவிடுகிறோம்.

கடலுக்குப் போகிறவர்கள், உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள், துறைமுகத்தில் சுமை தூக்குகிறவர்கள் ஆகியோரின் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் பாடம் சொல்லித்தருவோரிடம் ஊர் கேட்பது ஒரே கேள்விதான்: "எத்தனை பேர் பாஸ்?" இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. கல்வி இந்தப் பிள்ளைகளுக்கு எதற்கு? அந்தக் கேள்வி இந்தக் கரைக்குப் புதிதல்ல.

1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், ஊர் ஊராகப் போய் மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டினார். செபங்களை மனப்பாடம் செய்ய வைத்தார். கற்றதை வீட்டில் பெரியவர்களுக்குச் சொல்லித்தரும்படி அனுப்பினார். பிள்ளையே வீட்டுக்கு ஆசான் என்பது அந்தக் காலத்துக்குத் துணிச்சலான ஏற்பாடு. என்றாலும் அவர்களிடம் எதிர்பார்த்தது ஒப்பித்தலைத்தான். அவருக்குப் பின் வந்த அன்றிக் அடிகளார் வேறு வழியில் போனார். தாமே தமிழ் படித்தார், அதன் இலக்கணத்தைத் தம் மொழியில் எழுதினார். 1578இல் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சேறியது. அச்சுச் செலவுக்குப் பணம் திரட்டித் தந்தவர்கள் இந்தக் கரையின் பரவர்கள். நோக்கம் சமயம்தான், சந்தேகமில்லை. ஆனால் மனப்பாடம் செய்தவருக்கு எப்போதும் ஓர் ஆசான் வேண்டும். வாசிக்கத் தெரிந்தவருக்கோ, ஆசான் போன பிறகும் புத்தகம் இருக்கிறது.

அந்த எழுத்து முத்துக் குளித்தவர் எல்லாருடைய கைக்கும் வந்து சேரவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் கல்லைக் காலில் மாட்டி, மூச்சை அடக்கிக் கடலடி முத்துப் பாருக்கு இறங்கியவருக்குச் சிப்பியில் மூன்றில் ஒரு பங்குதான். இரண்டு பங்கு அரசுக்கு. அது ஏலத்துக்குப் போகும். தன் பங்கையும் பெரும்பாலும் கரையிலேயே, சிப்பியைத் திறக்காமலே விற்றுவிடுவார். கடலை அறிந்தவர் ஒருவர், கணக்கை அறிந்தவர் இன்னொருவர். இவ்விரண்டையும் ஒரே கையில் சேர்ப்பதுதான் ஏழைப் பிள்ளையின் கல்விக்கு முதல் வேலை.

சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வ.உ.சிதம்பரனாரே சாட்சி. ஒட்டப்பிடாரத்தில் பிறந்து, தூத்துக்குடியில் பள்ளிக்கூடம் போய், வக்கீலானவர். படிப்பைக் கொண்டு வசதியாக வாழ்ந்திருக்கலாம். அவரோ 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர்களுக்காக நின்றார். வேலைநிறுத்தத்தின் முடிவில் கூலி உயர்ந்தது. அவருக்குக் கிடைத்ததோ ஆயுள் தண்டனை, கோவைச் சிறையில் செக்கு, பறிபோன வக்கீல் சன்னது. சிறையிலும் படித்தார், மொழிபெயர்த்தார். வெளியே வந்த பின் திருக்குறளின் மணக்குடவர் உரையைப் பதிப்பித்தார். சம்பாத்தியக் கணக்கில் பார்த்தால் தோற்றுப்போன படிப்பு. அவர் பெயரையே இந்தத் துறைமுகம் இன்று தாங்கி நிற்கிறது.

1956இல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்த எட்டயபுரமும் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. படிப்பைப் பாதியில் விட்ட அந்த முதல்வர், சாப்பாட்டுக்கு எந்தத் தகுதித் தேர்வும் வைக்கவில்லை. பசித்த பிள்ளை பள்ளிக்கு வந்தால் போதும் என்றார்.

இதையெல்லாம் சொல்லி, மதிப்பெண் வேண்டாம் என்று வாதிடுவது எளிது. அப்படிப் பேசுகிறவர்களில் பலர் நல்ல மதிப்பெண் வாங்கி, நல்ல வேலையில் உட்கார்ந்திருப்பவர்கள். பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறிய உப்பளத் தொழிலாளியின் மகளிடம் அதைச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அவளுக்கு அடுத்த கதவு அந்த 35 மதிப்பெண்ணில்தான் திறக்கிறது. மாலை வகுப்பு அதை வாங்கித்தரத்தான் வேண்டும். அதோடு நின்றுவிடுவதுதான் பிழை.

கொரோனாவுக்குப் பின், 2021இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குத் தன்னார்வலர்களைத் தெருவுக்கே கொண்டுவந்தது. பரீட்சை நெருக்கம் இல்லாத அந்த மாலை நேரத்தில்தான் பள்ளியால் முடியாததைச் செய்யலாம். துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டின் எண்ணுக்கு என்ன பொருள்? அப்பா முன்பணம் வாங்கும்போது கைநாட்டு வைக்கும் தாளில் என்ன எழுதியிருக்கிறது? 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, வெள்ளம் ஏன் வடியாமல் நின்றது? இவற்றில் அறிவியலும் கணக்கும் தமிழும் இருக்கின்றன. தன் வீட்டைப் பற்றிக் கேட்கக் கற்ற பிள்ளை, பாடப்புத்தகத்தையும் கேள்வி கேட்காமல் விடாது. பெரும்பாலும் அதற்கு மதிப்பெண்ணும் பின்னாலேயே வரும்.

ஆகவே மாலை வகுப்பு நடத்தும் ஒவ்வோர் அமைப்பும் தன் ஆண்டறிக்கையில் தேர்ச்சி விகிதத்தை ஒரு பக்கத்தில் எழுதட்டும். அடுத்த பக்கத்தில், பிள்ளைகள் அந்த ஆண்டில் கேட்ட கேள்விகளை எழுதட்டும். நன்கொடை தருபவரும் அதிகாரியும் அந்த இரண்டாம் பக்கத்தை முதலில் படிக்கட்டும்.