வித்தும் வழித்தோன்றலும்

நரம்பு வலைகள் பலவற்றைப் பிறப்பித்து, நல்லனவற்றைத் தெரிந்து, சிறிது திரித்து மீளப் பெருக்குவதே நரம்புப் பரிணாம முறை. இதனை ஹஸ்கெல் போன்ற சார்புமுறைச் செய்நிரல் மொழியில் எழுதுதல் வீண்தொல்லை என்பர் சிலர். யாம் உடன்படோம்.

2002இல் ஸ்ரான்லியும் மீக்குலாய்னனும் வெளியிட்ட ‘நீற்’ முறையில், புதிதாய்த் தோன்றும் இணைப்புக்கு ஒரு வரிசையெண் உண்டு. பெற்றோர் வலைகள் இரண்டைக் கலக்கும்போது எவ்விணைப்பு எதனோடு ஒக்கும் என்பதை அவ்வெண்ணே காட்டும். பிறமொழிகளில் அவ்வெண்ணும் எழுமாற்றெண்ணின் வித்தும் எங்கோ மறைந்திருந்து மாறக்கூடும். ஹஸ்கெலின் தூய சார்புகளிலோ அவற்றைச் சார்புக்குச் சார்பு வெளிப்படையாகக் கையளித்தே தீரவேண்டும். கை சலிக்கும், மெய்தான். ஆயினும் அதே வித்தை இட்டால் அதே தலைமுறைகள் மீளப் பிறக்கும். நூறாந் தலைமுறையிற் பிழை நேரினும் அவ்விடத்தே சென்று பிடிக்கலாம். இருமுறை ஓட்ட இருவிடை தரும் செய்நிரலை மாணாக்கன் எங்ஙனம் திருத்துவான்? முதன்முதல் எழுதுவோன் இம்மொழியிலேயே எழுதுக. விரைவு வேண்டின் பின்னர் மாற்றிக்கொள்ளட்டும்.