ஒண்டுக்குடியா? தனிமனையா?

ஒரே கணிப்பொறியில் இரண்டு இயங்குதளம் வேண்டுவார்க்கு வழி இரண்டு. விண்டோசுக்குள்ளேயே மெய்நிகர்ப் பொறி அமைத்து, அதனுள் இலினக்சை இயக்குவது ஒன்று. வட்டைப் பகுத்து, பொறியை முடுக்கும்போதே இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்வது மற்றொன்று. முன்னது எளிது, பழம்பொறிக்குப் பின்னதே உறுதி.

விண்டோசு 10-க்கான பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்தோபர் 14-ஆம் நாளோடு நின்றன. காப்பிழந்த வீட்டில் ஒண்டியிருப்பார்க்குக் காப்பேது? மேலும், 4 கிகாபைட்டு நினைவகத்தை இரு தளங்களும் ஒரே வேளையில் பங்கிட்டால் இரண்டுமே தள்ளாடும்.

இலினக்சைப் பயின்று பார்ப்பார்க்கு மெய்நிகர்ப் பொறி போதும். அதிலேயே வாழ விழைவார் வட்டைப் பகுக்க! பகுக்குமுன் கோப்புகளை எல்லாம் வேறொரு வட்டில் படியெடுத்து வைக்க! பிழை நேர்ந்தால், அழிந்தவை மீள்வது அரிது.